18446744073709551615-ஐ உடைத்துப் பார்ப்போமா?

மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். தரவுத்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த எண் பழகிய முகம். 64 பிட் இடத்தில் குறி இல்லாத முழு எண்ணை வைத்தால் இதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது. 64 பிட்டும் 1 ஆகி நிற்கும் நிலை. அதாவது 2^64 − 1. நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615.

இதைச் சேதாரம் இல்லாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. எக்செல்லில் ஒட்டினால் 15 இலக்கத்தோடு கைகழுவிவிட்டு 18446744073709500000 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 18446744073709552000 என்று தோராயமாக முடித்துக்கொள்கிறது. பைத்தான்தான் கடைசி 5 வரை விடாமல் காட்டுகிறது.

என் கேள்வி வேறு. இது பகா எண்ணா? இல்லையென்றால் இதன் காரணிகள் என்ன? கணினியிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடும், தெரியும். பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தால் முடியுமா? இதன் வர்க்கமூலமே 429 கோடியைத் தொடுகிறது. அதுவரை உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது.

அரிசிமண்டி:
தம்பி, இது நம்ம சதுரங்கப் பலகைக் கணக்குதானே. முதல் கட்டத்தில் 1 மணி, அடுத்ததில் 2, அப்புறம் 4, 8 என்று 64 கட்டமும் வைத்துக் கூட்டினால் இதே எண். அம்பலப்புழையில் கிருஷ்ணன் சாமியார் வேடத்தில் வந்து ராஜாவை ஆட்டத்தில் தோற்கடித்த கதையும் இதுதான். அந்தக் கடன் அடையாததால்தான் இன்றைக்கும் அங்கே பால் பாயசம் கொடுக்கிறார்கள் என்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகானும் இதே கதையை அரபியில் எழுதி வைத்திருக்கிறார்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு மணி அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 36,900 கோடி டன் வருகிறது. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் அரைத்து வரும் அரிசி 50 கோடி டன்னை ஒட்டித்தான். ஆக, 700 வருட விளைச்சல். கடனுக்கெல்லாம் கிடைக்காது, ரொக்கம் மட்டும்.

எண்கோணம்:
மொட்டைமாடி தம்பி, பகா எண் இல்லை என்பது பார்வையிலேயே தெரிகிறதே. கடைசி இலக்கம் 5. அதனால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆக, 3 ஒரே ஒரு தடவைதான் காரணியாக இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் 15 என்பதால் 25-ஆலும் வகுபடாது.

ஆனால் இப்படித் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. முதலில் ஒன்று கவனியுங்கள்: 1111 = 11 × 101. 11111111 = 1111 × 10001. வெறும் ஒன்றுகளை இரட்டைப்படையில் அடுக்கிய எண்ணை நட்டநடுவில் வெட்டினால், ஒரு பாதி அப்படியே காரணியாக வந்துவிடும். உங்கள் எண் இருமத்தில் 64 ஒன்றுகள். அதை நடுவில் வெட்டினால் 32 ஒன்றுகள். அதை வெட்டினால் 16. அப்புறம் 8, 4, 2, 1. பள்ளிக்கூடத்து அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) தான், வேறொன்றும் இல்லை.

2^64 − 1 = (2^32 + 1)(2^16 + 1)(2^8 + 1)(2^4 + 1)(2^2 + 1)(2 + 1)

அதாவது 4294967297 × 65537 × 257 × 17 × 5 × 3. பேனாவை எடுத்ததும் ஆறு காரணிகள் கையில்.

அரிசிமண்டி சாருடைய பலகையிலேயே இதைப் பார்க்கலாம். முதல் இரண்டு கட்டத்தின் மொத்தம் 3. நான்கு கட்டம் 15, அது 3 × 5. முதல் வரிசை முழுவதும் 255, அது 3 × 5 × 17. இரண்டு வரிசை 65,535. புதிதாக 257 வந்து சேர்கிறது. நான்கு வரிசை, அதாவது அரைப் பலகை, 429,49,67,295, புதிதாக 65537. இதுவரை ஒவ்வொரு இரட்டிப்பிலும் வந்து சேர்ந்தது பகா எண். கடைசி இரட்டிப்பில் வருவது 4294967297. இது பகா எண்ணா இல்லையா? இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

நவகிரகம்_99:
87 → 8+7=15 → 1+5=6. சுக்கிரனின் எண்! செல்வம் பெருகும் அரிசிக் கதைக்கும் சுக்கிரனுக்கும் உள்ள தொடர்பை யாரும் கவனிக்கவில்லையா?

எண்கோணம்:
9-ஆல் வகுத்தால் மீதி 6 என்று சொல்லியிருக்கிறீர்கள். சரியான விடை. வெள்ளிக்கிழமை வகுத்தாலும் அதேதான் வரும்.

அரிசிமண்டி:
😂😂

பனையோலை:
வணக்கம் சேர். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். நீங்கள் தொட்ட இடத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்லட்டுமா?

3, 5, 17, 257, 65537 எல்லாம் ஃபெர்மா எண்கள். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று போட்டு ஒன்றைக் கூட்டினால் வருபவை. முதல் ஐந்தும் முதன்மை எண்கள், அதாவது நீங்கள் சொல்லும் பகா எண்கள். அப்படியே எல்லாமும் முதன்மை எண்களாகத்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார், நிறுவல் கொடுக்கவில்லை. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் ஆய்லர் என்ற இன்னொரு கணித அறிஞருக்கு ஒரு கடிதம் எழுதி, கடைசியில் பின்குறிப்பாக இதைக் கேட்டார். (1729 என்றவுடன் எல்லாரும் ராமானுஜனின் டாக்சிக்குப் போய்விடுவார்கள், இது வேறு 1729.) ஆய்லர் முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு பிடித்துக்கொண்டார். 1732-இல் விடையைச் சொன்னார்:

4294967297 = 641 × 6700417

ஃபெர்மாவின் நம்பிக்கை ஆறாவது எண்ணிலேயே உடைந்துவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஆய்லர் 641-ஐ எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான். 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு முதன்மை எண் 2^32 + 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அந்த எண்ணால் 2^32-ஐ வகுத்தால் மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2^64-இன் மீதி 1. 64-க்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, அந்த முதன்மை எண்ணில் ஒன்றைக் கழித்து வரும் அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினாலும் மீதி 1. ஆகவே அந்த முதன்மை எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் வகுபட்டே ஆகவேண்டும். ஆக, தேடவேண்டியது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்களுக்குள் மட்டும்தான்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இதில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும். ஐந்தாவது வகுத்தலில் விழுந்துவிடுகிறது!

ஃபெர்மாவின் ஊகத்தை உடைத்தது ஃபெர்மாவின் தேற்றமே. அவர் இந்த ஐந்து வகுத்தலையும் உட்கார்ந்து செய்திருந்தால் ஆய்லருக்கு வேலை இருந்திருக்காது.

மொட்டைமாடி:
அக்கா, அருமை. இரண்டு முறை படித்தேன். 641 வகுக்கும் என்பதை 10 இலக்க எண்ணை வகுக்காமலே காட்ட முடியுமா?

பனையோலை:
முடியும் தம்பி. 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்.

641 = 5 × 128 + 1
641 = 625 + 16

முதல் வரியின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2^7-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 625 × 2^28-இன் மீதி 1. இரண்டாவது வரியின்படி 625-உம் −16-உம் ஒரே மீதி. 625-ஐ எடுத்துவிட்டு −2^4-ஐப் போடுங்கள். −2^32-இன் மீதி 1 என்று வந்துவிடும். அதாவது 2^32 + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. பெரிய எண்ணை எங்கேயும் தொடவே இல்லை.

இதை நான் கரும்பலகையில் எழுதினால் பின் வாங்குப் பெடியளும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எண்கோணம்:
அம்மா, நன்றாகச் சொன்னீர்கள். இதோடு ஒரு சிறுவன் கதையும் உண்டு. சீரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன், மனக்கணக்குப் புலி. 1812-இல் எட்டு வயதில் அவனை லண்டனுக்குக் கூட்டிவந்து கணக்குக் கேட்டார்கள். 4294967297-க்கு வகுத்தி உண்டா என்று கேட்டதற்கு, மனத்துக்குள்ளேயே போட்டு 641 என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. எப்படி என்று அவனுக்கே அப்போது விளக்கத் தெரியவில்லை.

கோடுபோடாதநோட்டு:
கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவன், ஒரு சந்தேகம். 641 பகா எண், சரி. 6700417 பகா எண் என்று எப்படி நம்புவது? அதையும் உடைக்க முடியலாமே?

எண்கோணம்:
கேட்க வேண்டிய கேள்வி. 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 2588-க்குள் பகாக் காரணி இல்லை என்று காட்டினால் போதும். அதற்கே முந்நூற்றுச் சொச்சம் பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் 64-இன் மடங்கு நிபந்தனையை எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1878-இல் இன்னும் இறுக்கி, 128-இன் மடங்கோடு ஒன்று என்று ஆக்கினார். 2588-க்குள் அப்படி வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. ஐந்தே ஐந்து. இதில் 257 தானே ஒரு ஃபெர்மா எண். எந்த இரண்டு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுக்காரணி கிடையாது என்று 1730-இலேயே கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிவிட்டார். அதைத் தள்ளிவிடலாம். மிச்சம் நான்கு:

641-ஆல் வகுத்தால் மீதி 44
769-ஆல் வகுத்தால் மீதி 120
1153-ஆல் வகுத்தால் மீதி 334
1409-ஆல் வகுத்தால் மீதி 622

முடிந்தது. 6700417 பகா எண். கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பாருங்கள், கை பழகும்.

ஆக முழு விடை: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே தடவை. மொத்த வகுத்திகள் 2^7, அதாவது 128.

மொட்டைமாடி:
20 இலக்க எண்ணுக்கு மொத்தமே ஒன்பது வகுத்தல். 429 கோடியை நினைத்துப் பயந்த எனக்கு இது போதும். இனி அலுவலகத்தில் அந்த எண் பிழைச்செய்தியில் வந்தால் 641-ஐத் தேடுவேன்.

பிழைச்செய்தி என்றதும் ஒன்று. 2013-இல் அமெரிக்காவில் ஒருவருடைய இணையப் பணக் கணக்கில் 92,233,720,368,547,800 டாலர் இருப்பதாகக் காட்டியது செய்தியாக வந்தது. 2^63-ஐச் சென்ட் என்று வைத்து டாலராக்கினால் அதே எண் கிடைக்கும், கடைசி இலக்கங்கள் மட்டும் தோராயமாகி நிற்கும். குறி உள்ள 64 பிட் எண்ணின் எல்லை அது. அவர் கொஞ்ச நேரம் உலகத்திலேயே பெரிய பணக்காரர்.

கோடுபோடாதநோட்டு:
3, 5, 17, 257, 65537 இந்த ஐந்தையும் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன். கவராயமும் அளவுகோலும் வைத்து வரையக்கூடிய பலகோணங்கள்?

பனையோலை:
அதேதான். 1796 மார்ச் 30, ஜெர்மன் கணித அறிஞர் காஸுக்கு இன்னும் 19 வயது நிறையவில்லை. 17 பக்கமுள்ள ஒழுங்கான பல்கோணியைக் கவராயமும் விளிம்பும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டுபிடித்தார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு அந்தக் கணக்கில் யாரும் ஓர் அடிகூட முன்னே வைக்காமல் கிடந்தது. ஒற்றைப்படைப் பக்கங்கள் என்றால், வெவ்வேறு ஃபெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. வேறு எதுவும் முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். அதனால் 7 பக்கம் முடியாது. 9-உம் முடியாது, ஏனென்றால் 3 இரண்டு தடவை வருகிறது.

இப்போது அரைப் பலகைக்கு வாருங்கள். 4294967295-இன் வகுத்திகள் 32. அதில் 1-ஐ விட்டால் 31. நாங்கள் அறிந்தவரை, ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரையக்கூடிய பல்கோணிகள் இந்த 31 மட்டும்தான்! ஆகப் பெரியது 4294967295 பக்கம். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 4,295 கிலோமீட்டர்.

65537 பக்கத்துக்கு ஹெர்மஸ் என்ற ஜெர்மன்காரர் பத்து வருடம் உட்கார்ந்து செய்முறை எழுதி 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கனில் இருக்கிறது. முழுக்கப் படித்துச் சரிபார்த்தவர் யாராவது இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மொட்டைமாடி:
இதற்கு நிரலாளர் பக்கத்திலிருந்து ஒன்று. பாஸ்கல் முக்கோணத்தை (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வோர் எண்ணும் மேல்வரியில் அதற்கு அண்டையில் உள்ள இரண்டு எண்களின் கூட்டல்) எடுத்து, ஒற்றைப்படை எண் வரும் இடத்தில் 1, இரட்டைப்படைக்கு 0 போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள்:

1 → 1
11 → 3
101 → 5
1111 → 15
10001 → 17
110011 → 51
1010101 → 85
11111111 → 255

முதல் 32 வரியில் வருவது அக்கா சொன்ன அதே 32 வகுத்திகள், அதுவும் ஏறுவரிசையில்! நேற்று ராத்திரி நாலு வரி நிரல் எழுதி ஓட்டினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. 33-ஆவது வரி 4294967297. அதிலிருந்து பலகோணக் கதை நின்றுவிடுகிறது, ஆனால் வரிகள் தொடர்கின்றன. 64 வரி வரைக்கும் வரும் எல்லா எண்ணும் என் எண்ணின் வகுத்திகள்தான். மொத்தம் 128-இல் 64 இதிலேயே கிடைத்துவிடுகிறது. முக்கோணத்துக்குத் தெரியாத மிச்சம் 64-இல் ஒவ்வொன்றிலும் 641, 6700417 இரண்டில் சரியாக ஒன்று மட்டும் இருக்கும்.

எண்கோணம்:
சபாஷ். இரண்டாவது பாதியைப் பிரித்துச் சொன்னீர்களே, அது எனக்கே புதுசு.

அரிசிமண்டி:
காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டு, மூன்று ஊசி, பூசாரிகள் மாற்றி மாற்றி வைத்து முடித்தால் உலகம் அழியும் என்று ஒரு கதை உண்டே, அதற்கும் இதே எண்தானா?

எண்கோணம்:
அதே எண்தான் சார். ஆனால் காசியில் தேடிப் போய்விடாதீர்கள். அது 1883-இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த ‘ஹனோய் கோபுரம்’ என்ற விளையாட்டுச் சாமானுக்குக் கட்டிவிட்ட கதை. செய்தவர், மேலே சொன்னேனே, அதே லூக்கா. பெட்டியில் தன் பெயரைக்கூடப் போடாமல் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ‘சியாம் நாட்டு கிளவுஸ்’ என்று அச்சடித்தார். குறும்புக்கார மனுஷன். இந்த எண்ணின் காரணிகள் எந்த வடிவில் இருக்கும் என்று சொன்னவரே அதை விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் வைத்துவிட்டார்.

ஒரு தட்டு நகர்த்த ஒரு நொடி என்றால், தவறே செய்யாமல் முடிக்க 58,450 கோடி வருடம். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி வருடம்தான். இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

கோடுபோடாதநோட்டு:
ஐயா, அப்படியானால் பெரிய எண் எல்லாமே இப்படி எளிதாக உடையுமா? பக்கத்து வீட்டு எண்களும்?

எண்கோணம்:
உடையாது. அதுதான் விஷயம். உடைவதும் உடையாததும் எண்ணின் பருமனில் இல்லை, அது கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. இதிலிருந்து 58-ஐக் கழியுங்கள்: 18446744073709551557. இது பகா எண். 2^64-க்குக் கீழே உள்ள ஆகப் பெரிய பகா எண் இதுதான்.

மேல் பக்கம் இரண்டு கூட்டுங்கள்: 18446744073709551617. இது 2^64 + 1, அடுத்த ஃபெர்மா எண். இதற்கு வெட்ட நடு இல்லை, அ² − ஆ² இல்லை. ஆய்லர் 641-ஐக் கண்டபிறகும் இது நூறு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றது. கிளவுசன் 1855-இல் காரணியைக் கண்டு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார், உலகத்துக்கு அது தெரியவில்லை. 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 82 வயதில் உடைத்தார்: 274177 × 67280421310721. நிபந்தனை இங்கே 256-இன் மடங்கோடு ஒன்று. 274176 = 256 × 1071, சரியாக இருக்கிறதா? ஆனால் வரிசையாகப் போனால் 1071-ஆவது இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது வகுத்தலில் விழுந்த அதிர்ஷ்டம் இதற்குக் கிடையாது.

மொட்டைமாடி:
அப்போ 2^128 − 1 இலவசமாகக் கிடைத்துவிட்டது! என் எண்ணின் ஏழு காரணிகளோடு இந்த இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. 39 இலக்க எண்ணுக்கு ஒரு புதிய வகுத்தல்கூடச் செய்யவில்லை. 2^256 − 1-க்கு இதே மாதிரி ஓட்டலாமா?

பனையோலை:
ஓட்டலாம் தம்பி, ஆனால் 2^128 + 1 வேண்டும். அது முதன்மை எண் இல்லை என்பது 1905-இலேயே தெரியும். ஒரு காரணிகூடக் கையில் இல்லாமலே தெரியும்! காரணி கிடைத்தது 1970-இல். மாரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர் பின்ன முறையைக் கணினியில் ஏற்றி எடுத்தார்கள்: 59649589127497217 × 5704689200685129054721. இதில் ஒன்றைக் கழித்து 512-ஆல் வகுத்துப் பாருங்கள், எக்செல்லில் மட்டும் போடவேண்டாம்.